சீட்டுக்குக் கீழே பெய்த மழை

என் தொழில் வாழ்க்கையில் பாதியை நான் பிறருடைய கார் சீட்டுகளில் சாய்ந்து கிடந்தே கழித்தேன். சோம்பல் என்று நினைக்க வேண்டாம், அதற்குத்தான் சம்பளம். மோட்டார் வைத்த சீட்டுகள் கார்களில் வரத் தொடங்கிய பிறகு, அவற்றைப் பழுது பார்க்கிறவன் முதலில் ஏறி உட்கார வேண்டும், சாய வேண்டும், கண்ணை மூட வேண்டும். கொழும்பு வெள்ளவத்தைக் கடற்காற்று ஒரு கண்ணாடியால் நுழைந்து மறு கண்ணாடியால் போகும். காலி வீதி இரைச்சல் தூரத்தில் கேட்கும். சீட் மெல்ல எழும்பும், பின்னே போகும், முதுகைச் சாய்க்கும். அந்த நேரங்களில் நான் விழித்திருந்தேனா, உறங்கினேனா என்று கேட்டால் இன்றைக்கும் சத்தியம் பண்ண மாட்டேன்.

நான் வேலையை விட்ட அன்று கராஜில் ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். சாப்பாடு முடிந்ததும் இப்போதைய எலெக்ட்ரீசியன்கள் இரண்டு மூன்று பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்து, "ஸ்கேனர் இல்லாத காலத்தில எப்படி அண்ணே பிழை பிடிச்சீங்க?" என்று கேட்டார்கள். காரில் செருகினால் பிழையைத் திரையில் காட்டும் ஸ்கேனர் நல்ல சாமான்தான். அது இல்லாத காலம் பொற்காலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவர் நட்டநடு வெயிலில் கம்பளத்தைக் கிளப்பி வயர் தேடியவராக இருக்க மாட்டார். ஆனால் எந்த ஸ்கேனரும் சொல்லியிருக்க முடியாத ஒரு பிழை எனக்கு வாய்த்தது. அன்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். அப்பா மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து துறைமுக வேலைக்கு இறங்கி வந்தவர். எனக்குப் படிப்பு ஏறவில்லை. பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு பட்டறையில் டைனமோ சுற்றப் பழகினேன், பிறகு ஸ்டார்ட்டர், பிறகு வயரிங். பத்து வருடத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை, கை சுட்டதுதான் மிச்சம்.

அதன் பிறகு வந்து சேர்ந்த இடம்தான் ஜிப்ரி நானாவின் கராஜ். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையின் கடைசியில் இருந்தது. அதற்கப்பால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். ரயில் போகும்போது சாவிகள் மேசையில் தாமாகவே நடக்கும். நானா கொம்பனித்தெருக்காரர், பருத்த உடம்பு, மெல்லிய குரல். வேலையில் அவரைவிட நிதானமான மனிதரை நான் கண்டதில்லை. வாடிக்கையாளர் அவசரப்பட்டால் அவர் இன்னும் நிதானமாவார். "அவசரம்டா நடந்து போங்கொ. கார விட்டுட்டுப் போங்கொ," என்பார். கோபித்துக்கொண்டு போனவர்களும் மறுநாள் திரும்பி வந்தார்கள்.

வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. ஜப்பானில் ஓடித் தேய்ந்த கார்கள் கப்பலில் வந்து இறங்கின. அவற்றின் சீட்டுகள் கையால் இழுப்பவை அல்ல. பக்கவாட்டில் ஒரு சுவிட்ச், அடியில் ஒரு சின்னப் பெட்டி, பெட்டிக்குள் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலே, சீட் ஓடும் தண்டவாளத்தோடு மோட்டார். நம் ஊர் ஈரத்துக்கும் உப்புக்காற்றுக்கும் அவை பழக்கப்படாதவை. வந்த புதிதில் பெரிய மனிதர்கள் எல்லாரும் ஸ்டியரிங்கோடு மார்பு முட்டியபடியோ, பிரேக்குக்குக் கால் எட்டாமலோ கராஜுக்கு வந்து சேர்ந்தார்கள்.

நானா சீட் பார்க்கும் முறையை அப்படியே எழுதிவிடுகிறேன், இன்றைக்கும் அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. எதையும் கழற்றுவதற்கு முன் சீட்டில் உட்கார்ந்து சுவிட்சை ஒவ்வொரு பக்கமாக அழுத்திக் கேட்க வேண்டும். மோட்டார் இரைந்தும் சீட் நகராவிட்டால் பல்சக்கரமோ கேபிளோ தேய்ந்திருக்கிறது. 'டிக்' என்று ரிலே மட்டும் பேசினால் மோட்டாரில் அல்லது அதற்குப் போகும் வயரில் குறை. ஒரு சத்தமும் இல்லாவிட்டால் பியூஸ், ஏர்த், சுவிட்ச் என்று அந்த வரிசையில் தேட வேண்டும். பிறகு டோர்ச் அடித்துத் தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும். பாதிச் சீட்டுகளுக்கு வியாதி அங்கேதான், ஒரு பேனா மூடி, ஒரு சில்லறைக் காசு, பிள்ளை ஒளித்து வைத்த விசுக்கோத்து. அதுவும் இல்லையென்றால் சீட்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓடவிட்டு, அடியில் வயர்க்கட்டைக் கையால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கே இழுபடுகிறதோ அங்கே உறைக்குள் அறுந்திருக்கும். கரண்ட் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லாம்ப் அதற்குப் பிறகுதான்.

இதில் கேட்கும் கட்டம்தான் நானாவின் தனி ராஜ்யம். சுவிட்சை அழுத்திக் கண்ணை மூடினார் என்றால் மூச்சு ஒரே சீராக வரும். வாடிக்கையாளர்கள் என்னைப் பார்ப்பார்கள். உறங்கவில்லை, கேட்கிறார் என்று நான் சைகை காட்டுவேன். சில நாட்களில் அது பொய்யாகவும் இருந்திருக்கிறது.

இன்னொரு பழக்கமும் அவரிடம் கற்றேன். வெளியிடத்து வேலைக்குப் போகும்போது வயர், பற்றரி, டெஸ்ட் லாம்ப் எல்லாவற்றையும் ஒளி ஊடுருவும் பொலித்தீன் பையில்தான் கொண்டுபோக வேண்டும். தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையையும் ஒரு சுருள் வயரையும் ஒரே பையில் மூடி வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடப்பவனுக்கு அன்றைய கொழும்பில் மூளை இல்லை என்று அர்த்தம். "ஒளிச்சா வெடிச் சாமான், காட்டினா வேலச் சாமான்," என்பார் நானா.

சிவகரனின் கார் முதல் தடவை வந்தது ஒரு மழை விட்ட காலையில். சிவகரன் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனி ஒபிசில் வேலை பார்த்தவன், முப்பது வயது இருக்கும். தாயும் மகனும் மட்டும் எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளிக் குடியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். தாய் பரமேஸ்வரி அம்மா பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

"அண்ணை, சீட் தன்ரை பாட்டிலை முன்னுக்குப் போகுது," என்றான். "நான் ஒண்டும் அமத்தேல்லை. ஓடிக்கொண்டிருக்கேக்கை என்னைக் கொண்டுபோய் ஸ்டியரிங்கோடை ஒட்டுது."

"எப்ப எப்ப?"

"விடியப்பறம்தான் கூட. வெயில் ஏறினாப் பிறகு ஒண்டுமில்லை."

நானா ஏறி உட்கார்ந்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். சீட் சொன்னபடி கேட்டது, சொல்லாதபோது சும்மா இருந்தது. பிழை காட்டாத வாகனத்தைப் போல மனிதனை மடையனாக்கும் சாமான் உலகத்தில் இல்லை. மத்தியானம்வரை ஆளுக்கொரு தடவை அதில் படுத்துப் பார்த்தோம். கடைசியில் நானா சீட்டைக் கிளப்பி, அடியில் வயர்கள் வந்து செருகும் கொனெக்டரைக் கழற்றினார். உள்ளே ஊசிகள் களிம்பேறிப் பச்சை பிடித்திருந்தன. அது எங்களுக்குப் புதிதல்ல, வெள்ளவத்தையில் எல்லாம் பச்சை பிடிக்கும். ஆனால் நானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மகன், இது காத்து இல்ல. காத்துண்டா எல்லாப் பக்கமும் பிடிக்கணும். இது மேல்பக்கம் மட்டும் பிடிச்சீக்கு. சீட்டுக்குக் கீழ மழ பேஞ்சீக்கு."

"கண்ணாடியால தண்ணி வந்திருக்குமோ?"

"அப்பிடிண்டா கம்பளம் நனையணும். கம்பளம் காஞ்சீக்கு."

அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. ஊசிகளைச் சுத்தம் செய்து, கிரீஸ் பூசி, ஏர்த்தைப் புதிதாகப் போட்டு அனுப்பினோம். அன்றிரவு படுக்கையில் அந்த வார்த்தை என்னை விடவில்லை. காருக்குள், ஒரு சீட்டுக்கு அடியில் மட்டும், யாருக்கும் தெரியாமல் மழை பெய்துகொண்டிருப்பதாகவே எனக்குக் கனவு வந்தது. மனைவி எழுப்பி, என்ன சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள்.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை, சிவகரனைச் சோதனைச் சாவடியில் பிடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

நடந்தது இதுதான். காலையில் ஒபிசுக்குப் போகும் வழியில் சாவடியில் நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு இரு என்று ஒரு சிப்பாய் சொல்லியிருக்கிறான். சிவகரன் அப்படியே இருந்திருக்கிறான். அந்த நேரம் பார்த்துச் சீட் இரைந்துகொண்டு முன்னுக்கு நகர்ந்திருக்கிறது. கை இரண்டும் மேலே இருக்க, காருக்குள் ஏதோ தானாக ஓடினால் துவக்கு வைத்திருப்பவன் என்ன நினைப்பான்? இழுத்து இறக்கிச் சீட்டுக்குக் கீழே பார்த்திருக்கிறார்கள். அங்கே ஒரு சிவப்புத் துணிப் பொட்டலம், வயர்க்கட்டோடு ஒட்டியபடி. அதற்குள் வெள்ளையாக ஏதோ இருந்தது.

பொட்டலம் வெடிக்கிற சாமான் இல்லை என்று அன்றைக்கே சோதித்து அறிந்துவிட்டார்கள். ஆனால் அதோடு விடவில்லை. வயருக்குப் பக்கத்தில் ஏன் பொட்டலம், சீட்டை ஓட்டுவது எது, பெரிய வேலைக்கு முன் இது ஒத்திகையோ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொட்டலம் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சிவகரன் சொன்னான். அது உண்மை, அந்த உண்மைதான் அவனுக்கு எதிராக நின்றது. கடைசியாகச் சீட்டில் கை வைத்தவர்கள் யார் என்று கேட்டதற்கு எங்கள் கராஜைச் சொல்லியிருக்கிறான். மறுநாள் பொலிசில் இருந்து ஆள் வந்தது. சீட் ஏன் தானாக ஓடுகிறது என்று வந்து காட்டும்படி உத்தரவு. காட்டமுடியாவிட்டால் அவனை மேலிடத்துக்கு அனுப்புவார்கள் என்றும் வந்தவர் சொன்னார். மேலிடத்துக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று அந்த நாட்களில் யாரும் கேட்பதில்லை.

எனக்குப் பயம் இல்லை என்று எழுத மாட்டேன். பயந்தேன். அந்தச் சீட்டின் அடியில் என் கை பட்டிருக்கிறது, என் பெயரும் தமிழ்ப் பெயர். நானா என்னைப் பார்த்தார். "நீ வராட்டியும் சரி," என்றார். பொலித்தீன் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். பரமேஸ்வரி அம்மா ஒழுங்கை முகப்பில் காத்திருந்து முச்சக்கர வண்டியில் எங்களோடு ஏறிக்கொண்டார். வழிநெடுக அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "தம்பி, உங்களாலை காட்டேலும்தானே?" நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

பொலிஸ் வளவில் ஓர் அரலி மரம். அதன் கீழே கார் நின்றது, கூரையெல்லாம் பூ. பொறுப்பதிகாரி நடுத்தர வயதுக்காரர், வயிறு கொஞ்சம் முன்னே வந்தவர், சத்தம் போடாதவர். வராந்தாவில் ஒரு மேசையில் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். சிவப்புத் துணி, அதில் கட்டியாகிக் கரைந்துபோன கல்லுப்பு, ஒரு படிகாரத் துண்டு, காய்ந்த மிளகாய்கள். சிவகரனை வெளியே கொண்டுவந்து தூணோடு நிறுத்தினார்கள். முகம் வீங்கவில்லை, ஆனால் அது அவன் முகம் போலவும் இல்லை.

பரமேஸ்வரி அம்மா மகனைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மேசைவரை நடந்து போனார்.

"உது நான் கட்டினது," என்றார்.

அதிகாரிக்குத் தமிழ் விளங்கவில்லை. நானா சிங்களத்தில் சொன்னார், "அம்மா பெந்தபு எக்கக் சேர்." தாய் கட்டியது ஐயா என்று.

கண்ணூறு, நாவூறு கழிக்கிற பொட்டலம் அது. கார் வாங்கிய வாரமே, யாரோ சொன்னபடி, மகன் இருக்கிற இடத்துக்கு நேர் கீழே, கம்பியில் கட்டியிருக்கிறார். மகன் இதையெல்லாம் பகிடி பண்ணுவான் என்பதால் அவனிடம் சொல்லவில்லை. எங்கள் கராஜுக்குக் கார் வந்த அன்று, பிறர் கண்ணில் படக்கூடாதென்று அவிழ்த்து எடுத்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார். கார் திரும்பி வந்ததும் புது உப்பு வைத்துத் திரும்பக் கட்டியிருக்கிறார். நான் நானாவைப் பார்த்தேன், நானா என்னைப் பார்த்தார். சீட்டுக்குக் கீழே பெய்த மழை எங்கிருந்து வந்ததென்று இருவருக்கும் அந்த இடத்தில் விளங்கியது. உப்பு இரவெல்லாம் கடற்காற்றின் ஈரத்தைக் குடிக்கும், நிறைந்ததும் துணியால் சொட்டும், சொட்டுவது நேரே கொனெக்டரின் தலையில் விழும்.

"என்ரை பிள்ளை பத்திரமா வரவேணும் எண்டுதானே கட்டினனான்," என்றார் அந்த அம்மா.

அதிகாரி துணியை ஒரு பேனாவால் தள்ளிப் பார்த்தார். "சரி. மே சீட் எக்க தனியம யன்னே கொஹொமத?" இந்தச் சீட் எப்படித் தானாகப் போகிறது? உப்புக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்?

நானா விளக்கினார். சுவிட்சிலிருந்து வரும் வயருக்குச் சின்னக் கரண்ட் போதும், 'முன்னுக்குப் போ' என்று பெட்டிக்குச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. அதற்குப் பக்கத்து ஊசியில் எப்போதும் கரண்ட் இருக்கும். இரண்டுக்கும் இடையில் உப்புத்தண்ணீர் நின்றால், யாரோ விரலால் சுவிட்சை அழுத்துவது போலத்தான். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "காட்டு," என்றார்.

நானா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பிக் கண்ணை மூடினார். சீட் அசையவில்லை. கார் அரலி மரத்தடியில் நின்றாலும் இரண்டு நாள் வெயில் பட்டிருந்தது, பொட்டலமும் கழற்றப்பட்டுவிட்டது. எல்லாம் காய்ந்து போயிருந்தது. நானாவின் மூச்சு சீராக வந்தது. ஒரு கான்ஸ்டபிள் குனிந்து பார்த்து, "உறங்குகிறார் சேர்," என்றான். ஊரே நம்பாத நேரத்தில் அந்த மனுசன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கேட்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

பிழையைத் திருத்தத்தான் நாங்கள் பழகியிருந்தோம். அன்று எங்களுக்கு வேண்டியிருந்தது பிழை. அது வரவேண்டுமென்று நான் வாழ்க்கையில் முதல் தடவையாக மனதுக்குள் கும்பிட்டேன். அப்போதுதான் எளிய விஷயம் புத்தியில் பட்டது. உப்பு போய்விடவில்லை, ஊசிகளுக்கிடையில் காய்ந்து ஒட்டியிருக்கிறது. தண்ணீர்தான் போய்விட்டது.

"சேர், வத்துர டிக்கக்," என்றேன். கொஞ்சம் தண்ணீர்.

ஒரு கோப்பையில் கொண்டுவந்தார்கள். நானா இறங்கினார், நான் ஏறப் போனேன். அதிகாரி கையை நீட்டித் தடுத்தார். நீ சுவிட்சை அழுத்திவிடுவாய், நானே இருக்கிறேன் என்று தொப்பியைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். நான் முழங்காலில் நின்று கொனெக்டரின் மேல் விரலால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. காகம் ஒன்று கரைந்தது. காரின் முன்கண்ணாடியில் ஒரு பூ விழுந்தது, இன்னொன்று விழுந்தது. நானா காரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சிவகரன் தூணோடு நின்றான். அவன் தாய் மேசையைப் பிடித்துக்கொண்டு உதட்டால் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் ஒரு குளத்தின் அடியில் நிற்பது போல எனக்கிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. அந்த வளவை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் வருவது அந்த அமைதிதான்.

'டிக்' என்றது.

நானா கண்ணைத் திறந்தார். சீட் ஒரு பெருமூச்சு விட்டுப் புறப்பட்டது. அதிகாரி மடியில் கை வைத்தபடி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், மெல்ல மெல்ல முன்னே போனார். போய்க்கொண்டே இருந்தார். வயிறு ஸ்டியரிங்கைத் தொட்டது, சீட் விடவில்லை. "எத்தி, எத்தி," என்றார், போதும் போதும் என்று. அதே நேரம் ஹோர்ன் அடிக்கத் தொடங்கியது. வாசலில் நின்ற காவலாளி துவக்கோடு ஓடி வந்தான். நான் கொனெக்டரை இழுத்துக் கழற்றினேன்.

மோட்டார் நின்றது, ஹோர்ன் நிற்கவில்லை, வயிறு அங்கேயே இருந்ததால். என் சட்டை நுனியால் ஊசிகளைத் துடைத்து, திரும்பச் செருகி, சுவிட்சைப் பின்பக்கம் அழுத்தும்வரை அவர் அப்படியே இருக்க வேண்டியிருந்தது. சிரிக்க யாருக்கும் துணிவு வரவில்லை. நானா மட்டும் மெல்லிய குரலில், கொஞ்சம் பொறுங்கள் சேர், வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதிகாரி இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மேசைக்குப் போய் உப்பைப் பார்த்தார். பிறகு நானாவிடம், "அந்த அம்மாவிடம் சொல்லுங்கள், அடுத்த முறை பிள்ளையின் கையில் கட்டச் சொல்லி," என்றார். அப்போதுதான் அவருடைய மணிக்கட்டில், பிக்குமார் ஓதிக் காப்பாகக் கட்டிவிடும் வெள்ளைப் பிரித் நூலைக் கண்டேன், பழசாகி மங்கியிருந்தது.

வாக்குமூலம் எழுதி முடித்துப் பொழுது சாயச் சிவகரனை விட்டார்கள். வாசலைக் கடந்ததும் அவன் ஒன்று சொன்னான். "இனி என்ரை காரிலை ஒண்டும் கட்டாதேங்கோ அம்மா."

"இல்லை ராசா," என்றார் தாய். அவ்வளவுதான்.

வேறு யாருக்காவது இது ஒரு கராஜ் பகிடி. பொலிஸ் சேரும் ஹோர்னும் என்ற கதையை நானாவே பிறகு நூறு தடவை சொன்னார். எனக்கு மட்டும் அந்த 'இல்லை ராசா' காதில் நின்றது. அதைச் சொன்ன குரலில் உயிர் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, நாங்கள் கராஜைத் திறக்கும்போதே சிவகரன் காரோடு நின்றான். "அண்ணை, அம்மா திரும்பக் கட்டியிருப்பா. எங்கை எண்டு பாருங்கோ," என்றான்.

சீட்டுக்குக் கீழே பார்த்தேன். பின் சீட், பொனட், டிக்கி எல்லாம் பார்த்தேன். ஒன்றுமில்லை. "கட்டல தம்பி," என்றேன். நல்ல செய்தி சொல்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவன் கராஜ் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"முந்தி நான் வெளிக்கிடேக்கை வாசல்லை நிப்பா. இப்ப உள்ளுக்கை போயிடுறா. நான் திரும்பி வருமட்டும் ஒண்டும் சாப்பிடுறேல்லை, ராவிலை நித்திரையும் இல்லை. கட்டுங்கோ எண்டாலும் மாட்டன் எண்டுறா." ஒரு பையை என்னிடம் நீட்டினான். உப்புப் பக்கற், புதுச் சிவப்புத் துணி. "வயரிலை படாத இடமாப் பார்த்து நீங்களே கட்டிவிடுங்கோ. கட்டியாச்சு எண்டு அவவுக்கு நீங்கள் சொன்னா நம்புவா."

நானா வந்து பையைப் பார்த்தார். "கட உப்ப நான் கட்டினா அது ஊறுகாய்க்குத்தான் சரி. ஒங்கட உம்மா வீட்டு உப்பு வேணும். வாங்கொ," என்று, அவன் தாயிடம் போகக் காரில் ஏறிவிட்டார். அவர் எதற்கும் அவ்வளவு விரைவாகக் கிளம்பி நான் பார்த்ததில்லை.

பரமேஸ்வரி அம்மா வாசல் கேற்றடிக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். இடம் பார்த்தாகிவிட்டது, சீட்டின் பின்கால், அங்கே ஒரு வயரும் போகவில்லை, பொலித்தீனில் சுற்றிக் கட்டினால் சொட்டாது என்றேன். அவர் உள்ளே போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து கேற்றடிக் கட்டின் மேல் வைத்தார். உப்பைக் கைக்குக் கை கொடுப்பதில்லையே.

"நீங்களே அள்ளிக் கட்டுங்கோ தம்பி," என்றார். "என்ரை கை வேண்டாம். இந்தக் கை கட்டினதுதானே பிள்ளையை அங்கை கொண்டுபோய் விட்டது."

நான் ஜாடியைத் தொடவில்லை. நானாவும் தொடவில்லை.

சிவகரன் காரின் கதவைத் திறந்து சுவிட்சை அழுத்தினான். சீட் இரைந்துகொண்டு முன் கோடிவரை போய் நின்றது. பின்னால் ஒருவர் குனிய இடம் வந்தது. பின்கதவையும் திறந்துவிட்டுத் தாயிடம் வந்து, துணியை விரித்து அவர் முன் பிடித்தான்.

அவர் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். பிறகு ஜாடிக்குள் கையை விட்டார்.

முழங்கால் நோவோடு கார்ப்படியில் ஒரு கையை ஊன்றிக் குனிந்தார். நானா டோர்ச் பிடித்தார். நான் மறுபக்கம் குந்தி, வயர்களையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டேன். முடிச்சு விழவில்லை, அவிழ்த்துத் திரும்பக் கட்டினார், அதுவும் விழவில்லை.

"ஆறுதலாக் கட்டுங்கோ அம்மா," என்றான் மகன். "நேரம் கிடக்குது."